குரல் நாணில் தழும்பு: லேசர் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

"நாண்ல தழும்பு இருக்கு, லேசர் பண்ணிப் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொன்னதும் நம் தலை தானாக ஆடிவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். தழும்பு எப்படி வந்தது? லேசர் வைத்தால் அது போய்விடுமா? பழைய குரல் திரும்புமா? நான் பள்ளி ஆசிரியை. குரல் நாணில் வளர்ந்த பாலிப்பை, அதாவது சின்னச் சதை வளர்ச்சியை, அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். பாலிப் போனது, அது இருந்த இடத்தில் தழும்பு தங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் பரிசோதனை, பயிற்சி, லேசர் என்று அலைந்தேன். அந்த முதல் நாளில் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியவற்றை, நடக்கிற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் வரிசைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சிகிச்சையில் லேசர் வேலை செய்வது சூட்டினால்தான். அளவாகப் பட்டால் நோயைத் தீர்க்கும். ஆழமாகப் பட்டால் அதே சூடு புதுத் தழும்பை உண்டாக்கும். ஆகவே "அங்கே லேசர் இருக்கிறதா" என்று விசாரிப்பது போதாது. எனக்கு என்ன நோய், அது நாணின் எந்த அடுக்கில் இருக்கிறது, அதற்கு எந்த லேசர், சிகிச்சை முடிந்த பிறகு குரலை யார் பழக்கித் தருவார்கள், இந்த நான்கும் தெரிந்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

நாண் என்பது கம்பி இல்லை

'நாண்' என்ற சொல்லைக் கேட்டால் வில்லின் நாணும் வீணையின் கம்பியும்தான் நினைவுக்கு வருகின்றன. உள்ளே இருப்பது அப்படி இல்லை. குரல்வளைக்குள் இடமும் வலமுமாக, ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், உதடு போல இருக்கும் இரண்டு மடிப்புகள் அவை. மூச்சு விடும்போது விலகி நிற்கும். பேசும்போது நெருங்கி வந்து, நுரையீரலிலிருந்து வரும் காற்றில் அதிரும். சாதாரணமாகப் பேசும்போதே ஆண்களுக்கு விநாடிக்கு நூற்றுச் சொச்சம் தடவையும், பெண்களுக்கு ஏறக்குறைய இருநூறு தடவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பாடவேளை முடிவதற்குள் எத்தனை லட்சம் மோதல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் குரல் ஏன் களைக்கிறது என்பது புரியும்.

இந்த மடிப்பு அடுக்கடுக்காக அமைந்தது. மேலே மிக மெல்லிய தோல். அதற்கு அடியில் கூழ் போல நெகிழ்ந்த ஒரு அடுக்கு. அதற்கும் கீழே இழைகள் நிறைந்த தசைநார், கடைசியாகத் தசை. மேலே உள்ள மெல்லிய உறை, கீழே உள்ள உறுதியான உடலின் மேல் வழுக்கி அலையடிப்பதால்தான் குரல் பிறக்கிறது என்ற விளக்கத்தை ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1974-இல் எழுதினார். இன்று குரல் அறுவை சிகிச்சை முழுவதும் அந்தப் புரிதலின் மேல்தான் நிற்கிறது.

தழும்பு விழுவது பெரும்பாலும் அந்தக் கூழ் அடுக்கில்தான். நெகிழ்வு தரும் ஹயலூரானிக் அமிலமும் மீள்தன்மை உள்ள இழைகளும் குறைந்துபோய், கொலாஜன் இழைகள் தாறுமாறாக நெய்துகொண்டு அந்த இடத்தை அடைத்துவிடுகின்றன. மேல் தோல் கீழே ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. ஈரப் பட்டுத்துணி காற்றில் அலையடிப்பதையும், கஞ்சி போட்டு விறைத்த துணி அசையாமல் நிற்பதையும் நினைத்துப் பாருங்கள். தழும்பு விழுந்த நாண் அந்த விறைத்த துணிதான். அலை எழும்பாது. இரண்டு நாண்களும் சரியாகச் சேராமல் நடுவே இடைவெளி விழும். அதன் வழியே காற்று ஒழுகும். அந்த ஒழுக்கை ஈடுகட்ட நாம் அறியாமலே கழுத்துத் தசைகளை முறுக்கி அழுத்திப் பேசத் தொடங்குவோம். நோயாளி உணரும் தொல்லையில் பாதி இந்த முறுக்கத்தால் வருவது என்பது என் அனுபவம்.

குரல் காற்றோடு கலந்து கரகரப்பது, மெதுவாகப் பேச முயன்றால் குரலே எழாமல் போவது, மேல் ஸ்தாயி காணாமல் போவது, காலையில் ஓரளவு இருந்த குரல் மாலையில் முற்றிலும் களைத்துவிடுவது இவையெல்லாம் அடையாளங்கள். தழும்புக்கான காரணங்களும் பல: முன்பு நடந்த நாண் அறுவை சிகிச்சை, பல நாள் செயற்கைச் சுவாசக் குழாய் போட்டிருந்தது, கழுத்துக்குக் கதிர்வீச்சு, வெளிக் காயம், நீண்ட நாள் அழற்சி, நாணுக்குள் இரத்தம் கசிந்தது. பிறவியிலேயே நாணின் ஓரத்தில் நீளவாக்கில் பள்ளம் இருப்பவர்களும் உண்டு. அதற்கு சல்கஸ் என்று பெயர். அதுவும் குரலில் தழும்பு போலவே நடந்துகொள்ளும்.

முதல் படி: ஸ்ட்ரோபோஸ்கோபி

சளி, தொண்டைக்கட்டால் வந்த கரகரப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். நான்கு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கழகம் 2018-இல் புதுப்பித்த வழிகாட்டு நெறியும் இந்த நான்கு வாரக் கணக்கைத்தான் சொல்கிறது. குரல் கம்மியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதையும், நாணைப் பார்க்காமலே அமில எதிர்ப்பு மாத்திரை கொடுப்பதையும் அது ஏற்கவில்லை. புகை பிடிப்பவர், கழுத்தில் கட்டி தென்படுகிறவர், மூச்சு விடும்போது சத்தம் வருகிறவர், விழுங்க வலிப்பவர், எச்சிலில் இரத்தம் பார்த்தவர், அறுவை சிகிச்சை முடிந்த உடனே குரல் மாறியவர் இவர்களெல்லாம் அந்த நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

உயிருள்ள மனிதரின் குரல்வளை அசைவதைக் கண்ணாடி வைத்துத் தெளிவாகப் பார்த்தவர் என்று பெயர் பெற்றவர் ஒரு மருத்துவர் இல்லை. 1854-இல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் சூரிய ஒளியில் இரண்டு கண்ணாடிகளைப் பிடித்துத் தன் குரல்வளையையே பார்த்தார். இன்று வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் போகிறது. ஆனால் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் நாண் மூடித் திறப்பது மட்டும்தான் தெரியும். அதிர்வு வேகமானது, கண்ணுக்கு எட்டாது. குரலின் வேகத்தோடு இசைந்து மினுக்கும் ஸ்ட்ரோப் விளக்கைப் போட்டால் அந்த அதிர்வு மெல்ல நகரும் அலை போலத் தெரியும். இதுதான் ஸ்ட்ரோபோஸ்கோபி. தழும்பைக் கண்டுபிடிக்க இது இல்லாமல் முடியாது. சாதாரண எண்டோஸ்கோப்பில் பார்த்துவிட்டு "நாண் நல்லா இருக்கு" என்று சொன்னதை நம்பி நான் ஐந்து மாதம் வீணாக்கினேன். ஸ்ட்ரோபில் பார்த்தபோது இடது நாணின் நடுப்பகுதி அசையவே இல்லை.

பரிசோதனை சில நிமிடங்கள்தான். மூக்கில் மரப்பு மருந்து தெளிப்பார்கள். 'ஈ' என்று இழுக்கச் சொல்வார்கள், குரலை ஏற்றி இறக்கச் சொல்வார்கள். குமட்டல் வரலாம், வலி இருக்காது. முடிந்ததும் அந்த வீடியோவின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது உங்கள் வாய்மொழியைவிட அந்த வீடியோ நூறு மடங்கு உதவும். அறிக்கையில் 'மியூக்கோசல் வேவ் குறைவு' என்று இருந்தால் அலை சரியாக எழும்பவில்லை என்று பொருள். 'கிளாட்டிக் கேப்' என்றால் இடைவெளி விழுகிறது.

அதே நாளில் இன்னும் இரண்டு அளவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, குரல் தொல்லையைப் பற்றிய பத்துக் கேள்விப் படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. பதினொன்றுக்கு மேல் போனால் குரல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, ஆழமாக மூச்சிழுத்து 'ஆ' என்று எத்தனை விநாடி நிறுத்த முடிகிறது என்பது. நல்ல நிலையில் உள்ள பெரியவர்களுக்கு 15 முதல் 25 விநாடி வரை வரும். எனக்கு அப்போது ஏழுதான் வந்தது. அப்புறம், கைபேசியில் ஒரே பத்தியை வாசித்துத் தேதி போட்டுப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு முன்னேற்றம் இருக்கிறதா என்ற சந்தேகம் வரும்போது, நினைவை நம்புவதைவிட இதை நம்பலாம்.

இரண்டாம் படி: லேசருக்கு முன்னால் குரல் பயிற்சி

இதைத் தாண்டிக்கொண்டு போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தயவுசெய்து தாண்டாதீர்கள். கத்திப் பேசுவதால் நாணில் காய்ப்பு போல வரும் முடிச்சுகள் பெரும்பாலும் பயிற்சியிலேயே கரைந்துவிடும், அதற்கு லேசர் தேவையே இல்லை. தழும்புக்கு, பயிற்சி தழும்பைக் கரைக்காது. ஆனால் மேலே சொன்ன கழுத்து முறுக்கத்தை எடுத்துவிடும். அது போன பிறகு மிஞ்சும் தொல்லைதான் தழும்பின் உண்மையான பங்கு. அந்த மிச்சத்தோடு வேலையும் வாழ்க்கையும் நடக்கிறது என்றால் சிகிச்சையை அங்கேயே நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அது நல்ல முடிவுதான்.

பயிற்சி தருபவர் குரலில் பழக்கமுள்ள ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்க வேண்டும். உதடுகளை 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டுக் குரல் கொடுப்பது, 'ம்ம்ம்' என்று முனகுவது, உறிஞ்சுகுழல் வழியே ஊதிக்கொண்டே குரல் எழுப்புவது என்று தொடங்குவார். வாயின் முன்பக்கத்தை ஓரளவு மூடிக்கொண்டு குரல் கொடுத்தால் காற்றின் எதிரழுத்தம் நாண்களைத் தாங்கிப் பிடிக்கும், மோதல் குறையும். குழலின் நுனியைத் தண்ணீரில் ஓரிரு சென்டிமீட்டர் முக்கிக் குமிழி விடுவதும் இதே வகைதான். வேடிக்கை போலத் தெரியும், செய்து பாருங்கள், கழுத்து தளர்வது அன்றைக்கே தெரியும்.

மூன்றாம் படி: எந்த லேசர், எதற்கு

எல்லா லேசரும் ஒன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அலைநீளம் உண்டு, ஒவ்வொரு அலைநீளத்தையும் உடம்பில் வேறு வேறு பொருள் உறிஞ்சும். அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதைத் திசுவில் உள்ள நீர் உறிஞ்சுகிறது. எனவே கத்தி போல வெட்டும், ஆவியாக்கும். பாஸ்டனில் ஸ்ட்ராங், யாக்கோ என்ற இரண்டு மருத்துவர்கள் 1972-இல் இதைக் குரல்வளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். நாணின் தொடக்க நிலைப் புற்றுநோய், இரண்டு நாண்களும் ஒட்டிக்கொண்ட சவ்வு, மூச்சுப்பாதைக் குறுக்கம், இரு நாண்களும் அசையாமல் போய் மூச்சுத் திணறுவது போன்றவற்றுக்கு இது நல்ல துணை.

கேடிபி லேசர் 532 நானோமீட்டர், பச்சை ஒளி. இதை உறிஞ்சுவது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். மேல் தோலைப் பெரிதாகக் கலைக்காமல் அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுட்டு மூடிவிடும். மிக மெல்லிய கண்ணாடி இழை வழியே போவதால், மூக்கு வழி எண்டோஸ்கோப்பின் துளைக்குள் நுழைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்ய முடிகிறது. இதற்கு முன் 585 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் இதே வேலையைச் செய்தது. அண்மையில் 445 நானோமீட்டர் நீல லேசரும் வந்திருக்கிறது. நாணில் புடைத்த இரத்தக் குழாய், இரத்தம் கட்டிய பாலிப், புகை பிடிப்பவர்களின் நாண் வீக்கம், எச்பிவி வைரஸின் 6, 11 வகைகளால் திரும்பத் திரும்ப வளரும் பாப்பிலோமா என்ற மரு போன்ற கட்டிகள் ஆகியவற்றுக்கு இந்த வகை லேசர்கள் பெரிய வரப்பிரசாதம். பாப்பிலோமா உள்ளவர்கள் வாழ்நாளில் பல தடவை சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் முழு மயக்கம் இல்லாமல் முடிவது சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாணில் வெள்ளைத் திட்டு இருந்தால், லேசரால் எரிப்பதற்கு முன் அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கப் போகிறார்களா என்று கேளுங்கள். எரித்துவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. அந்தத் திட்டு புற்றுநோயின் தொடக்கமாக இருந்திருந்தால் அது தெரியாமலே போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரணப் பாலிப், நீர்க்கட்டி போன்றவற்றை நுண்ணிய கத்தி, கத்தரி கொண்டு எடுப்பதும் லேசரால் எடுப்பதும், கைதேர்ந்தவர் செய்தால் குரலில் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன. "எங்களிடம் லேசர் இல்லை, கத்தியால் எடுப்போம்" என்று அனுபவமுள்ள ஒருவர் சொன்னால் அவரைக் குறைத்து எண்ண வேண்டாம்.

சரி, தழும்பை லேசர் என்ன செய்யும்?

இதற்கு நேர்மையான பதிலைத் தேடித்தான் நான் அதிகம் அலைந்தேன். தழும்பை லேசரால் செதுக்கி எடுத்துவிட முடியாது. செதுக்கிய இடம் ஆறும்போது அங்கே புதுத் தழும்புதான் விழும். செய்வது வேறு. தோல் தழும்புகளின் சிவப்பையும் தடிப்பையும் குறைக்கப் பல்ஸ்டு டை லேசரைப் பயன்படுத்துகிறார்கள் அல்லவா, அந்த அனுபவத்திலிருந்து பிறந்த யோசனை இது. கேடிபி அல்லது பல்ஸ்டு டை லேசரைக் குறைந்த ஆற்றலில், திசுவை எரிக்காமல், தழும்பின் மேல் விட்டு விட்டுக் காட்டுவார்கள். அடியில் உள்ள நுண்ணிய குழாய்களில் சூடு ஏறும். அந்தத் தூண்டலில் கொலாஜன் இழைகள் கலைந்து சற்று ஒழுங்காக மறுபடி அடுக்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. விலங்கு ஆய்வுகளும், குறைந்த எண்ணிக்கை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் தழும்புக்கு இதுதான் உறுதியான சிகிச்சை என்று எல்லா நாட்டு மருத்துவர்களும் ஒப்புக்கொள்ளும் நிலை இன்னும் வரவில்லை. ஒரே தடவையில் தீரும் என்றோ, பழைய குரல் அப்படியே வரும் என்றோ யாராவது உறுதி கொடுத்தால் அங்கே கொஞ்சம் நிதானியுங்கள்.

இரண்டு நாண்களும் முன்பக்கம் ஒட்டிக்கொண்ட வகைத் தழும்புக்குக் கதையே வேறு. அதை லேசராலோ கத்தியாலோ பிரித்துவிட்டு, மறுபடி ஒட்டாமல் இருக்கச் சில சமயம் நடுவே மெல்லிய தகடு வைப்பார்கள்.

பெரும்பாலும் லேசர் தனியாக வருவதும் இல்லை. ஸ்டீராய்டு ஊசியைத் தழும்பிலேயே போடுவது, ஹயலூரானிக் அமிலம் அல்லது உங்கள் உடம்பிலிருந்தே எடுத்த கொழுப்பை நாணுக்குள் செலுத்தி இடைவெளியைக் குறைப்பது, கழுத்தில் சிறு திறப்பு வழியே உள்வைப்புப் பொருத்தி நாணை நடுவே தள்ளுவது என்று பல வழிகள் கலந்து வரும். ஜப்பானில் செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணி ஊசியும் போட்டுப் பார்க்கிறார்கள். ஊசிப் பொருள்களில் சில, மாதக் கணக்கில் கரைந்துவிடும். கரைவது குறைபாடு என்று நினைக்க வேண்டாம். இடைவெளியை மூடினால் குரல் எவ்வளவு தேறும் என்று ஒத்திகை பார்க்க அது நல்ல வழி. எனக்கு அப்படித்தான் முதலில் ஹயலூரானிக் அமிலம் போட்டார்கள். ஒழுக்கு குறைந்ததும் குரல் வலுத்தது, கரகரப்பு மட்டும் அப்படியே நின்றது. எது இடைவெளியின் பங்கு, எது விறைப்பின் பங்கு என்று அன்றைக்குத்தான் பிரித்துத் தெரிந்துகொண்டேன்.

காலக் கணக்கும் முக்கியம். புதிய தழும்பு தானாகவே பல மாதம் இளகும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை அது மாறிக்கொண்டே இருக்கும். எனவே முந்தைய அறுவை சிகிச்சை நடந்து சில வாரங்களிலேயே தழும்புக்கு இன்னொரு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்னால், காத்திருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

நான்காம் படி: சம்மதிக்கும் முன்

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் பாதிக் கேள்வி மறந்துபோகும். எனக்குப் பயன்பட்டவை இவை: தழும்புக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள், எத்தனை தடவை செய்ய வேண்டிவரும், இதனால் குரல் இன்னும் மோசமாக வாய்ப்பு உண்டா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், பலன் எப்போது தெரியும், உங்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் யார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் நான் சிகிச்சைக்குச் சம்மதிக்கவில்லை. இன்றும் அதையே சொல்வேன்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்பிரின் உட்பட, அதை முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மரப்பு மருந்து ஒவ்வாமை, இதயக் கோளாறு, இரத்த அழுத்தம், கர்ப்பம் எதையும் மறைக்க வேண்டாம். புகையை நிறுத்துங்கள். புகை படும் நாண் ஆறுவது கடினம். பாடகர், வழக்கறிஞர், ஆசிரியர் போன்றவர்கள் விடுப்பைத் தாராளமாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை நாள்

விழித்த நிலையில் செய்வதாக இருந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைப்பார்கள். மூக்கிலும் தொண்டையிலும் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைத் தெளித்து, நாண்களின் மேலும் சொட்டு விடுவார்கள். அப்போது இருமல் வரும், அது வரவேண்டியதுதான். அதன் பிறகு வருகிற உணர்வுதான் பலரையும் பயமுறுத்துகிறது. தொண்டையில் ஏதோ கட்டி அடைத்துக்கொண்டது போலவும், எச்சில் விழுங்கவே முடியாதது போலவும் இருக்கும். மரத்துப்போனதால் அப்படித் தோன்றுகிறதே தவிர மூச்சுப்பாதை திறந்துதான் இருக்கும். மெதுவாக மூக்கு வழியே இழுத்து விடுங்கள். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுவார்கள், அறையில் உள்ள அனைவருமே போட்டிருப்பார்கள். லேசர் விழும்போது சின்னச் சூடும், 'டக் டக்' என்ற சத்தமும், லேசான தீய்ந்த வாடையும் இருக்கும். புகையை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று தடவை நடந்தது. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. இரண்டாவது தடவை நடுவில் கையைத் தூக்கினேன், நிறுத்தினார்கள், மூச்சு சீரானதும் தொடர்ந்தார்கள். அவ்வளவுதான்.

இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் ஏறலாம் என்பதால் சில இடங்களில் அதைக் கவனித்துக்கொண்டே செய்வார்கள். முடிந்த பிறகு மரப்பு விலகும்வரை, ஒன்று இரண்டு மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் அது உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம்.

முழு மயக்கத்தில் என்றால் வாய் வழியே உலோகக் குழாய் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் செய்வார்கள். மேல் பற்கள் ஆடுகின்றனவா, பொய்ப்பல் உண்டா, கழுத்தை நிமிர்த்த முடியுமா என்பதைச் சொல்லிவிடுங்கள். குழாய் நாக்கை அழுத்துவதால் சிலருக்குச் சில வாரம் நாக்கு மரப்பும் சுவை மாற்றமும் இருக்கும், பெரும்பாலும் தானாகப் போய்விடும். மூச்சுப்பாதையில் ஆக்சிஜனும் லேசர் சூடும் சேர்ந்தால் தீப்பற்றும் ஆபத்து அரிதாக உண்டு. அதற்காக லேசர் தாங்கும் சிறப்புச் சுவாசக் குழாய் போட்டு, அதன் பலூனில் காற்றுக்குப் பதில் உப்புநீர் நிரப்பி, ஆக்சிஜனை முப்பது சதவீதத்துக்குக் கீழே வைத்து, சுற்றிலும் ஈரப் பஞ்சு வைப்பார்கள். இதைப் பற்றி மயக்க மருத்துவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்ல குழு மகிழ்ச்சியோடு விளக்கும்.

ஐந்தாம் படி: மௌனமும், அதன் பிறகு வரும் முதல் சத்தமும்

எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்பது செய்த சிகிச்சையைப் பொறுத்தது. எரிக்காத லேசருக்குச் சில மருத்துவர்கள் ஓரிரு நாள் போதும் என்பார்கள். நாணை வெட்டியிருந்தால் மூன்று முதல் ஏழு நாள். முன்பெல்லாம் வாரக் கணக்கில் வாயை மூடச் சொல்வார்கள். ஜப்பானில் நடந்து 2017-இல் வெளியான ஒரு ஒப்பீட்டு ஆய்வில், ஏழு நாள் மௌனம் இருந்தவர்களைவிட மூன்று நாள் மௌனம் இருந்துவிட்டுப் பயிற்சி தொடங்கியவர்களின் நாண் நன்றாக ஆறியது. இளம் தழும்புக்கு அளவான அசைவும் தேவைப்படுகிறது போலும். ஆனால் உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்குதான் உங்களுக்குக் கணக்கு.

மௌனம் என்றால் கிசுகிசுப்பதும் கூடாது. அழுத்திக் கிசுகிசுத்தால் குரல்வளை இறுகும். தொண்டையைச் செருமுவதையும் விடுங்கள். செரும வேண்டும் போலத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள், இல்லையென்றால் எச்சிலையாவது விழுங்குங்கள். ஆவி பிடித்தால் இதமாக இருக்கும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். நாம் பேசாமல் இருப்பதைவிட, நம்மைப் பேச வைக்காமல் இருப்பது மற்றவர்களுக்குக் கடினம். குழந்தை கூப்பிட்டதும் வாய் தானாகத் திறந்துவிடும். நான் கையில் ஒரு சின்ன மணி வைத்திருந்தேன், அது காப்பாற்றியது.

மௌனம் முடிந்ததும் முழுப் பேச்சுக்குத் தாவ வேண்டாம். தெரபிஸ்ட் முன்னிலையில் குழல் வழியே ஓரிரு நிமிடம் குரல், பிறகு 'ம்ம்', பிறகு சின்னச் சொற்கள். முதல் நாள் மொத்தம் ஐந்து பத்து நிமிடம் பேசினாலே போதும். முதல் சில வாரம் குரல் முன்பைவிட மோசமாக இருக்கலாம். லேசர் பட்ட இடத்தில் வெளுத்த பொருக்குப் படிந்து உதிரும், வீக்கம் இருக்கும். இந்த நாட்களில்தான் பலர் "தப்புப் பண்ணிட்டோம்" என்று உடைந்துபோய் அழுத்திப் பேசத் தொடங்கி, பழைய முறுக்கத்தையே திரும்பக் கொண்டுவந்துவிடுகிறார்கள். தழும்புச் சிகிச்சையின் பலனை மூன்றாம் மாதத்துக்கு முன் எடைபோடாதீர்கள்.

வேலைக்குத் திரும்பும்போது மைக் வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி போதும். இரைச்சலான இடங்களில் பேசுவதைத் தள்ளிப்போடுங்கள். வகுப்பில் நான் மைக் மாட்டியபோது முதல் இரண்டு நாள் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள்.

எனக்கு என்ன பலன் கிடைத்தது என்று கேட்பீர்கள். 'ஆ' ஏழு விநாடியிலிருந்து பதின்மூன்றுக்கு வந்தது. படிவத்தில் இருபத்தெட்டாக இருந்தது பன்னிரண்டானது. ஒரு நாள் முழுவதும் பாடம் நடத்திவிட்டு மாலையில் வீட்டில் பேச முடிகிறது. மேல் ஸ்தாயியில் பாட முடிவதில்லை, அது திரும்பாது என்று தெரிந்துகொண்டேன். உங்களுக்கு இதைவிடக் கூடுதலாகவும் கிடைக்கலாம், குறைவாகவும் கிடைக்கலாம். தழும்பின் ஆழத்தையும் நீளத்தையும் பொறுத்தது அது.

ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஸ்ட்ரோபோஸ்கோபிக்குத் திரும்பப் போங்கள். ஒவ்வொரு தடவையும் அதே பத்தியை வாசித்துப் பதிவு செய்யுங்கள், பழைய வீடியோவோடு புதியதை அருகருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அலை கொஞ்சமாவது எழும்பியிருந்தால் அடுத்த அமர்வு வேண்டுமா என்று பேசலாம். இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகும் அலையே தெரியவில்லை என்றால் லேசரை நிறுத்திவிட்டு ஊசி, உள்வைப்பு ஆகிய வழிகளைக் கேளுங்கள். இதற்கிடையே எந்த நாளிலாவது மூச்சு விடச் சிரமம், மூச்சில் விசில் சத்தம், நிற்காத இரத்தம், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.